நெவாடா 2016: எந்த மருந்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லா – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி ஒரு பெண். எழுபதுகளில் வயது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ நகரம் அமைந்துள்ள வாஷோ கவுண்டியில் வசித்தவர். நீண்ட நாள் இந்தியாவில் தங்கிவிட்டு 2016 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். அதற்கு முந்தைய 2 ஆண்டுகளில் வலது தொடை எலும்பு முறிந்து, பிறகு அந்த எலும்பிலும் இடுப்பிலும் கிருமித்தொற்று ஏற்பட்டு, இந்திய மருத்துவமனைகளில் பலமுறை சேர்ந்து சிகிச்சை பெற்றிருந்தார். கடைசியாகச் சேர்ந்தது 2016 ஜூனில்.

எலும்புத் தொற்றுக்கு ஆண்டிபயாடிக் வாரக்கணக்கில் போகும். செத்துப்போன எலும்புத் துண்டில் ரத்த ஓட்டம் கிடையாது, ஆகவே மருந்து போதிய அளவில் அங்கே எட்டாது. அரைகுறை அளவு மருந்துக்கு நடுவே நீண்ட நாள் பிழைத்துக்கிடக்கும் கிருமி எதிர்ப்புத்திறனைச் சேர்த்துக்கொண்டே போகும். பலமுறை வார்டில் படுத்தவரின் குடலில் அந்த வார்டுகளின் கிருமிகளும் குடியேறும். எனவே இப்படி ஒரு வரலாற்றோடு வருபவரை, ரிப்போர்ட் வருவதற்கு முன்பே, மருந்து எதிர்ப்புக் கிருமி இருக்கக்கூடியவர் என்று வைத்துக்கொள்வதே முறை.

இதில் என்டிஎம் (நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற, ஆண்டிபயாடிக்குகளை உடைக்கும் நொதியின் பின்கதையும் சேர்கிறது. இந்தியாவில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் 2008இல் கிடைத்த கிளெப்சியெல்லா என்ற குடல் பாக்டீரியாவில்தான் இது முதலில் அடையாளம் காணப்பட்டது. 2010இல் வெளிவந்த பெரிய ஆய்வு சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உள்ள மற்ற இடங்களில் 73 என்று என்டிஎம் கிருமிகளைக் கணக்கிட்டது. டெல்லியின் பெயரை நொதிக்கு வைத்தது சரியா என்று அப்போது நடந்த சண்டையில், சென்னையின் 44 என்ற எண் பொதுப்பேச்சில் அவ்வளவாக அடிபடவில்லை. ஆண்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிப்பது பற்றி நடந்து, சென்னை அறிவிப்பு என்று பின்னர் பெயர்பெற்ற 2012 கூட்டத்துக்கு இந்தச் சூழலும் ஒரு காரணம்.

நோயாளி போய்ச் சேர்ந்த ஊரும் விழிப்பில்லாத ஊர் அல்ல. பல மருந்துகளை எதிர்க்கும் கிராம் நெகட்டிவ் கிருமிகளை, கார்பபெனெம் என்ற வலுவான ஆண்டிபயாடிக் குடும்பத்துக்கு அடங்காத குடல் பாக்டீரியாக்கள் உட்பட, வாஷோ கவுண்டி 2010 முதலே தேடிப் பதிவுசெய்து வந்தது. பின்னால் நடந்தவை ஒழுங்காக நடந்ததற்கு இந்த முன்தயாரிப்பு முக்கியக் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

சேர்க்கையும் முதல் மாதிரியும்

2016 ஆகஸ்ட் 18 அன்று உடல் முழுவதும் பரவிய அழற்சி நிலையோடு நோயாளி ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வலது இடுப்பில் நீர் கோத்து, அது சீழ் பிடித்ததே காரணமாக இருக்கும் என்று கருதப்பட்டது. மறுநாள், 19ஆம் தேதி, காயத்திலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது. அதில் வளர்ந்தது கிளெப்சியெல்லா நிமோனியே. கிடைக்கக்கூடிய எந்த ஆண்டிபயாடிக்கும் அதற்கு எடுபடவில்லை என்ற தகவல் 25ஆம் தேதி கவுண்டி சுகாதாரத் துறைக்குப் போனது.

மாதிரிக்கும் அறிவிப்புக்கும் நடுவே 6 நாள். வெளியிலிருந்து பார்த்தால் தாமதமாகத் தெரியும். ஆய்வக வேலை தெரிந்தவர்களுக்கு இது வழக்கமான வேகம்தான். பிளேட்டில் பூசிய கிருமி காலனியாக வளர 18 முதல் 24 மணி நேரம். அது எந்தக் கிருமி என்று அறிந்து மருந்துச் சோதனை போட்டுப் படிக்க இன்னொரு நாள். எல்லா மருந்துக்கும் எதிர்ப்பு என்று வந்தால் எந்த டெக்னீஷியனும் அதை அப்படியே கையெழுத்திட்டு அனுப்ப மாட்டார். இரண்டு கிருமி கலந்துவிட்டதா என்று பார்க்க மறுபடி தனிக் காலனியாகப் பிரிக்க வேண்டும், கிருமிக் கரைசலின் அடர்த்தி 0.5 மெக்ஃபார்லண்டு என்ற கலங்கல் அளவுக்கு மேல் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும், சோதனையைத் திரும்பப் போட வேண்டும். அதற்குப் பிறகே வழக்கமான பட்டியலில் இல்லாத மருந்துகளின் முறை வரும். 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் என்னவென்றால், இந்த நாட்களில் மருத்துவர் எதையாவது வைத்து மருந்து தொடங்கியாக வேண்டும். அவர் கையில் இருப்பது அந்த மருத்துவமனையின் ஆன்டிபயோகிராம். கடந்த ஆண்டு அங்கே வளர்ந்த கிருமிகளில் எத்தனை சதவீதம் எந்த மருந்துக்கு அடங்கின என்று சொல்லும் அட்டவணை அது. அந்த அட்டவணை உள்ளூர்க் கிருமிகளைப் பற்றியது. வேறொரு நாட்டின் வார்டுகளில் 2 ஆண்டுகளில் பலமுறை இருந்தவரின் கிருமிக்கு அது பொருந்தாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கார்பபெனெம் எதிர்ப்பு தெரிந்ததும் நோயாளி தனி அறைக்கு மாற்றப்பட்டார். உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் கவுன், கையுறை என்ற தொடுதல் வழிக் காப்பு முறை தொடங்கியது. இதற்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. இந்த எதிர்ப்பு மரபணுக்கள் பிளாஸ்மிடு என்ற தனி வளையத்தில் இருக்கும், ஒரு கிருமியிலிருந்து பக்கத்துக் கிருமிக்குத் தாவும். பரவும் வழி பெரும்பாலும் பணியாளர் கைகளும், நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களும்.

அடுத்த முடிவு, கிருமியை நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசிக்கு அனுப்புவது. வெளிநாட்டு மருத்துவமனையில் இருந்தவரிடம் இத்தகைய கிருமி கிடைத்தால் எதிர்ப்பின் வழிமுறையைக் கண்டறிய அனுப்ப வேண்டும் என்பது சிடிசியின் வழிகாட்டுதல். ‘ஆர்’ (எதிர்ப்பு) என்று வந்துவிட்டது, இனி வழிமுறை தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று பல வார்டுகளில் கேட்பார்கள். இந்த இடத்தில்தான் அந்தக் கேள்வி தவறாகிறது. மெரோபெனெம் என்ற கார்பபெனெமுக்கு ‘ஆர்’ என்ற ஒரே எழுத்துக்குப் பின்னால் குறைந்தது மூன்று வேறு நிலைமைகள் இருக்கலாம். கார்பபெனெமை உடைப்பது கேபிசி நொதி என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் (ஆண்டிபயாடிக்கோடு நொதியைத் தடுக்கும் அவிபாக்டம் சேர்ந்த மருந்து) வேலை செய்யும். ஆக்சா-48 என்றாலும் செய்யும். என்டிஎம் என்றால் அந்த மருந்து தனியாக நின்று பயனில்லை, ஏனெனில் துத்தநாகத்தை மையமாகக் கொண்ட இந்த நொதியை அவிபாக்டம் தொடாது. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 2015 பிப்ரவரியிலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. ஆகவே 2016 ஆகஸ்டில் இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அல்ல.

சிடிசி சோதனையில் வந்தது என்டிஎம்.

மூன்றாவது முடிவு கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்து குறித்தது. கொலிஸ்டினுக்கு எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்துச் செறிவு, உயர்ந்திருந்ததால் எம்சிஆர்-1 மரபணு இருக்கிறதா என்றும் தேடினார்கள். பிளாஸ்மிடில் ஏறிப் பரவும் அந்தக் கொலிஸ்டின் எதிர்ப்பு 2015 நவம்பரில்தான் சீனாவிலிருந்து முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. 2016 மே மாதம் அமெரிக்காவிலேயே ஒரு நோயாளியிடம் கிடைத்திருந்தது. இந்தக் கிருமியில் அது இல்லை. இந்த விடையால் சிகிச்சையில் எதுவும் மாறாது. கொலிஸ்டின் எப்படியும் பயன்படாது. வார்டுக்கு மட்டும் ஒரு ஆறுதல்: கொலிஸ்டின் எதிர்ப்பு இந்த மரபணுவின் வழியாக அடுத்த கிருமிக்குத் தாவும் அபாயம் இல்லை.

சோதனை மொத்தமும் முடிந்தபோது 26 மருந்துகளுக்குக் கிருமி அடங்கவில்லை. அமினோகிளைகோசைடுகளில் சோதித்த எல்லாவற்றுக்கும் எதிர்ப்பு, கொலிஸ்டின் அடங்கிய பாலிமிக்சின்களுக்கும் எதிர்ப்பு. டைகிசைக்ளினுக்கு மட்டும் இடைநிலை. அந்த ‘ஐ’ என்ற எழுத்தைப் பிடித்துக்கொண்டு சிகிச்சை தொடங்க ஆசை வரும். டைகிசைக்ளின் ரத்தத்தில் தங்காமல் திசுக்களுக்குள் போய்விடும் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு எப்போதும் குறைவு. ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு இடைநிலைக் கிருமியை அதை வைத்து அடக்கலாம் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை. அதன் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. டைகிசைக்ளின் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். திரவ ஊடகம் தயாரித்து 12 மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் எம்ஐசி உண்மையைவிட உயர்ந்து காட்டும்.

ஃபாஸ்ஃபோமைசின்: 16 என்ற எண்

வழக்கமான பட்டியலுக்கு வெளியே நின்ற ஒரு மருந்து கொஞ்சம் நம்பிக்கை தந்தது. பிளேட்டில் வைத்து எம்ஐசி படிக்கும் ஈ-டெஸ்ட் பட்டையில் ஃபாஸ்ஃபோமைசின் எம்ஐசி 16 மைக்ரோகிராம்/மி.லி. ஒப்பீட்டளவில் குறைவு. ஊசி வழி ஃபாஸ்ஃபோமைசினுக்கு அப்போது ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்ட், கிருமி அடங்கும் என்று கொள்ள வைத்திருந்த எல்லை 32. அந்தக் கணக்கில் இது அடங்கும் கிருமி. அமெரிக்க அமைப்பான சிஎல்எஸ்ஐயின் எல்லையோ 64 வரை; ஆனால் அது சிறுநீரில் கிடைத்த ஈ. கோலைக்கு மட்டும். கிளெப்சியெல்லாவுக்கும் காயத்துக்கும் அதை நீட்ட முடியாது. ஒரே எண்ணுக்கு இரண்டு ஏடுகளில் இரண்டு நிலை.

இந்த எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஃபாஸ்ஃபோமைசினுக்கு நம்பகமான முறை அகாரில் (கூழ் போன்ற வளர்ப்பு ஊடகம்) மருந்தைக் கலந்து சோதிப்பது. திரவ ஊடகச் சோதனை இதற்கு ஆகாது. அகாரில் குளுகோஸ்-6-பாஸ்பேட் 25 மைக்ரோகிராம்/மி.லி. இருக்க வேண்டும்; அது இல்லாவிட்டால் மருந்து கிருமிக்குள் நுழையும் வழி ஒன்று திறக்காது, அடங்கும் கிருமியும் அடங்காததாகத் தெரியும். பட்டையைச் சுற்றிய வெற்று வளையத்துக்குள் குட்டிக் காலனிகள் முளைப்பது கிளெப்சியெல்லாவில் வழக்கம். அதன் குரோமோசோமிலேயே இந்த மருந்தை உடைக்கும் ஒரு நொதிக்கான மரபணு உண்டு. மருந்தைத் தனியாகக் கொடுத்தால் சிகிச்சைக்கு நடுவிலேயே எதிர்ப்பு எழும் என்பதும் தெரிந்ததே. எனவே 16 என்பது வேறொன்றோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கத் தகுந்த மருந்து என்ற அளவிலான குறிப்பு. முழு உத்தரவாதம் அல்ல.

அதற்கும் வழி இல்லாமல் இருந்தது. அமெரிக்காவில் ஃபாஸ்ஃபோமைசினுக்கு இருந்த அனுமதி, சிக்கலில்லாத சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு வாய்வழி கொடுக்கும் வடிவத்துக்கு மட்டும். நீரில் கரைத்துக் குடிக்கும் அந்த 3 கிராம் பொடி சிறுநீரில் நல்ல செறிவு தரும். இடுப்புச் சீழுக்கும் ரத்தத்துக்கும் அது போதாது. சிரைவழி ஊசி மற்ற நாடுகளில் கிடைத்தது. அனுமதி இல்லாத மருந்தை ஒரே ஒரு நோயாளிக்காக வரவழைக்க அங்கே அவசர அனுமதி வழி உண்டு. அதற்கு நாட்கள் தேவை. செப்டிக் ஷாக்கில், அதாவது தொற்றால் ரத்த அழுத்தம் விழும் நிலையில், நேரம் மணிக்கணக்கில் ஓடும்.

வார்டில் நடந்த தேடல்

நோயாளி இருந்த அதே பிரிவில் அப்போது சேர்ந்திருந்த மற்றவர்களிடம் மலக்குடல் ஸ்வாப் (பஞ்சுக்குச்சி மாதிரி) எடுத்து ஒருநாள் பரவல் சோதனை நடந்தது. கிருமி அடையாளம் காணப்பட்ட பிறகே தனிமைப்படுத்தல் தொடங்கியதால் இது அவசியம். வேறு யாரிடமும் கார்பபெனெம் எதிர்ப்புக் கிருமி கிடைக்கவில்லை. கவுண்டியின் தொடர் கண்காணிப்பிலும், இந்த நிகழ்வு பற்றிய சிடிசி அறிக்கை வெளியான 2017 ஜனவரி வரை, வேறு என்டிஎம் கிருமி பதிவாகவில்லை.

இந்தச் சோதனையை எந்த ஊர் ஆய்வகமும் செய்யலாம். சிடிசி முறை இப்படி: 5 மி.லி. டிரிப்டிக் சோய் குழம்பில் (கிருமி வளர்க்கும் திரவ ஊடகம்) 10 மைக்ரோகிராம் மெரோபெனெம் அல்லது எர்டாபெனெம் ஏற்றிய காகித வில்லை ஒன்றைப் போட்டு, அதில் ஸ்வாபை நனைத்து, 35 டிகிரியில் ஒரு இரவு வைக்க வேண்டும். காலையில் நன்றாகக் கலக்கி 100 மைக்ரோலிட்டர் எடுத்து மெக்கான்கி பிளேட்டில் பரப்ப வேண்டும். மறுநாள் இளஞ்சிவப்புக் காலனி வந்தால் அதைப் பிரித்து உறுதிசெய்ய வேண்டும். இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஸ்வாப் எடுக்கும் இடத்தில்தான். நுனியில் மலம் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெள்ளை வெளேரென்று வந்த ஸ்வாபில் ‘இல்லை’ என்று வந்த ரிப்போர்ட்டுக்குப் பொருள் இல்லை. இன்னொன்று, ஒருநாள் சோதனை அன்று வார்டில் இருப்பவர்களை மட்டுமே காட்டும். முந்தைய நாட்களில் டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்கள் அதில் சிக்க மாட்டார்கள்.

முடிவு

நோயாளிக்கு செப்டிக் ஷாக் ஏற்பட்டது. 2016 செப்டம்பர் தொடக்கத்தில் இறந்தார்.

இதை எல்லாரும் சந்திக்கும் நிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் கண்காணிப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்த 250க்கும் மேற்பட்ட கார்பபெனெம் எதிர்ப்புக் கிருமிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் ஏதாவது ஒரு அமினோகிளைகோசைடுக்கு அடங்கின. டைகிசைக்ளினுக்கு 90 சதவீதத்துக்குச் சற்றே குறைவாக. எந்தக் கதவும் திறக்காத கிருமி அபூர்வம். எனவேதான் ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை நாடு முழுவதற்கும் அனுப்பப்பட்டது.

மரபணு வரிசை சொன்னது

அந்தக் கிருமியின் முழு மரபணு வரிசை 2018இல் வெளியானது. 26 என்ற எண் பயமுறுத்தும். பிரித்துப் பார்த்தால் 26 தனித்தனிப் பூட்டுகள் இல்லை. பென்சிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனெம், அஸ்ட்ரியோனாம் என்று பீட்டா-லாக்டம் குடும்பம் முழுவதையும் நான்கு நொதிகள் பார்த்துக்கொண்டன: பிளாஸ்மிடுகளில் என்டிஎம்-1, சிஎம்ஒய்-6, குரோமோசோமில் சிடிஎக்ஸ்-எம்-15, எஸ்எச்வி-28. கொலிஸ்டின், டைகிசைக்ளின், குளோராம்ஃபெனிகால் ஆகியவற்றுக்கான எதிர்ப்பையும் வரிசை விளக்கியது. பிளாஸ்மிடுகளில் இரண்டு, சீனா, நேபாளம், இந்தியா, அமெரிக்கா, கென்யா ஆகிய இடங்களில் முன்பு கிடைத்தவற்றுக்கு நெருங்கிய உறவு.

சிகிச்சை கோணத்தில் இந்த நான்கு நொதிகளின் பட்டியல்தான் அறிக்கையிலேயே பயனுள்ள வரி. என்டிஎம் அஸ்ட்ரியோனாமை உடைக்காது. அஸ்ட்ரியோனாம் தோற்றது மற்ற நொதிகளால்: சிடிஎக்ஸ்-எம்-15, சிஎம்ஒய். அந்த இரண்டையும் அவிபாக்டம் அடக்கும். ஆகவே தனித்தனியாகச் சோதித்தால் அஸ்ட்ரியோனாம் ‘ஆர்’, செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ‘ஆர்’. சேர்த்துக் கொடுத்தால் அவிபாக்டம் மற்ற நொதிகளைக் கட்டிப்போட, அஸ்ட்ரியோனாம் என்டிஎம்மைக் கடந்து கிருமியைத் தாக்க வழி பிறக்கிறது. இரண்டு ‘ஆர்’ சேர்ந்து ஒரு ‘எஸ்’ (அடங்கும்) ஆகலாம் என்பதை வழக்கமான கல்ச்சர் ரிப்போர்ட் எந்தக் கட்டத்திலும் காட்டாது. 2016இல் இது பரவலான நடைமுறை ஆகியிருக்கவில்லை.

இன்று இதே நோயாளி வந்தால்

சேர்க்கும் இடத்திலேயே ஒரு கேள்வி: கடந்த ஓராண்டில் வேறு ஊரில், வேறு நாட்டில், மருத்துவமனையில் இரவு தங்கினீர்களா? ஆம் என்றால் ஸ்வாப் எடுத்து, விடை வரும்வரை தனி அறை. நெவாடா நிகழ்வுக்குப் பிறகு சிடிசி வலியுறுத்தியதும் இதையே: வெளிநாட்டு மருத்துவமனை அனுபவம் உள்ளவர்களிடம் அந்த வரலாற்றைக் கேட்டு, ஸ்கிரீனிங்கைப் பரிசீலிப்பது. இந்தியாவில் இதே கேள்வியை ‘வேறு நாடு’ என்று கேட்டால் யாரும் சிக்க மாட்டார்கள். ‘வேறு ஐசியூ’ என்று மாற்றிக் கேட்க வேண்டும்.

வழிமுறையைக் கண்டறிய இப்போது வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. காசநோய்க்காக நம் மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்திலேயே, வேறு கார்ட்ரிட்ஜ் போட்டால், கேபிசி, என்டிஎம், விஐஎம், ஐஎம்பி, ஆக்சா-48 என்ற ஐந்து நொதிகளின் மரபணுக்களையும் சுமார் ஒரு மணி நேரத்தில் காட்டும். கார்ட்ரிட்ஜ் விலை தாங்காத இடத்தில் எம்சிம், இசிம் என்ற இரட்டைச் சோதனை. காலனியை 1 மைக்ரோலிட்டர் லூப் நிறைய எடுத்து 2 மி.லி. டிரிப்டிக் சோய் குழம்பில் கரைத்து, 10 மைக்ரோகிராம் மெரோபெனெம் வில்லையை 4 மணி நேரம் ஊறவிட வேண்டும். 15 நிமிடம் முன்பின் இருக்கலாம். பக்கத்துக் குழாயில், துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும் 0.5 மோலார் இடிடிஏ 20 மைக்ரோலிட்டர் கூடுதலாகச் சேர்த்து இன்னொரு வில்லை. பிறகு இரண்டு வில்லைகளையும், எல்லா மருந்துக்கும் அடங்கும் ஈ. கோலை ஏடிசிசி 25922 பூசிய பிளேட்டில் வைத்து மறுநாள் அளக்க வேண்டும். முதல் வில்லையின் வளையம் 6 முதல் 15 மி.மீ.க்குள் இருந்தால் கார்பபெனெமேஸ் (கார்பபெனெமை உடைக்கும் நொதி) உண்டு. 19 அல்லது அதற்கு மேல் என்றால் அது இல்லை. இடிடிஏ சேர்த்த வில்லையின் வளையம் மற்றதைவிட 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதானால் என்டிஎம் வகை. வில்லையை வெளியே எடுக்கும்போது குழம்பு ஒட்டிக்கொண்டு வந்தால் வளையம் கலங்கிவிடும். லூப்பால் குழாயின் உள்சுவரில் இழுத்து வடித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். கேபிசி, என்டிஎம் இரண்டும் சேர்ந்திருந்தால் இசிம் தவறாக ‘இல்லை’ என்று சொல்லும். இந்தியாவில் அதிகம் காணும் ஆக்சா-48 சேர்க்கையிலும் இதே குழப்பம் நேரலாம்.

என்டிஎம் என்று தெரிந்ததும் அஸ்ட்ரியோனாமும் செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். நான்கு குழாய்: ஒன்றில் மருந்தே இல்லை, ஒன்றில் அஸ்ட்ரியோனாம் வில்லை, ஒன்றில் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் வில்லை, ஒன்றில் இரண்டும். கடைசிக் குழாய் மட்டும் தெளிவாக இருந்தால் கூட்டுச் சிகிச்சைக்கு வழி உண்டு. சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெரியவருக்கு வழிகாட்டுதல்கள் சொல்லும் அளவு: செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 2.5 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, அஸ்ட்ரியோனாம் 2 கிராம் 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் 3 மணி நேரம் ஏறும்படி. இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று ஏற்றினால் அவிபாக்டமின் காவல் இல்லாமல் அஸ்ட்ரியோனாம் உடைபடும். வார்டில் அடிக்கடி நடக்கும் பிழை இது. 2019இல் அனுமதி பெற்ற செஃபிடெரகோல் இன்னொரு வழி. அஸ்ட்ரியோனாமும் அவிபாக்டமும் ஒரே மருந்தாகவே 2024இல் ஐரோப்பாவிலும் 2025இல் அமெரிக்காவிலும் வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் கிடைக்கும் என்டிஎம் ஈ. கோலைகள் பலவற்றில் அஸ்ட்ரியோனாம் ஒட்டும் புரதமே மாறியிருக்கிறது. அங்கே இந்தக் கூட்டு வலுவிழக்கும். சோதிக்காமல் கொடுப்பது சரியல்ல.

கொலிஸ்டினைப் பொறுத்தவரை ரிப்போர்ட்டில் ‘எஸ்’ என்ற எழுத்தே இருக்கக் கூடாது; சிஎல்எஸ்ஐ 2020இல் அதை நீக்கிவிட்டது. எம்ஐசி 2 வரை இடைநிலை, 4 முதல் எதிர்ப்பு. வில்லை வைத்து வளையம் அளப்பதும் ஈ-டெஸ்ட் பட்டையும் இதற்குச் செல்லாது. மூலக்கூறு பெரிது, அகாரில் சரியாகப் பரவாது. இயந்திரம் இல்லாத ஆய்வகத்துக்குக் குழாய் முறை போதும்: 10 மி.லி. குழம்பு கொண்ட நான்கு குழாய்களில் 10 மைக்ரோகிராம் வில்லைகளை 0, 1, 2, 4 என்று போட்டு அரைமணி நேரம் மருந்து கரைய விட்டு, 0.5 மெக்ஃபார்லண்டு கிருமிக் கரைசலில் 50 மைக்ரோலிட்டர் சேர்த்து, 16 முதல் 20 மணி நேரம் வைத்துக் கலங்கலைப் பார்ப்பது. கொலிஸ்டின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கண்ணாடிக் குழாய்.

ஆன்டிபயோகிராமும் டிஸ்சார்ஜ் தாளும்

இந்த நோயாளியைப் போன்றவர்களை ஆன்டிபயோகிராமுக்குள் எப்படிச் சேர்ப்பது என்பதில் பல மருத்துவமனைகள் தடுமாறுகின்றன. சிஎல்எஸ்ஐ விதி தெளிவு: ஒரு நோயாளிக்கு ஓராண்டில் ஒரே வகைக் கிருமியில் முதலாவது மட்டும், ஒரு கிருமிக்கு 30க்குக் குறைவாக இருந்தால் சதவீதம் போடக் கூடாது, ஸ்கிரீனிங் ஸ்வாபில் வளர்ந்தவை சேராது. விதியை மீறி ஐசியூவில் ஒரே நோயாளியின் ஐந்து மாதிரிகளையும் எண்ணினால் எதிர்ப்பு ஊதித் தெரியும். நேர்மாறான பிழையும் உண்டு. முதல் வரிசை மருந்துகள் தோற்றால் மட்டுமே ஃபாஸ்ஃபோமைசினையும் கொலிஸ்டினையும் சோதிக்கும் ஆய்வகம் அவற்றின் சதவீதத்தை அட்டவணையில் போட்டால், அது மோசமான கிருமிகளை மட்டும் பிரித்தெடுத்த எண். மற்ற பத்திகளோடு அதை ஒப்பிட முடியாது.

ஓபி, வார்டு, ஐசியூ மூன்றுக்கும் தனித்தனி அட்டவணை வைப்பது கூடுதல் வேலை. ஆய்வக முடிவுகளைத் தொகுக்கும் வூநெட் (WHONET) மென்பொருள் இலவசமாகவே அதைப் பிரித்துத் தரும். வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றப்பட்டு வந்தவர்களின் கிருமிகளை, சேர்ந்து 48 மணி நேரத்துக்குள் எடுத்த மாதிரி என்ற குறியோடு, நான்காவதாக ஒரு தாளில் போடுவது நல்லது. எண்ணிக்கை 30ஐத் தொடாவிட்டால் சதவீதத்துக்குப் பதில் வெறும் பட்டியல் போதும். இரவு 2 மணிக்கு ஆம்புலன்ஸில் வருபவருக்கு முதல் ஊசியைத் தேர்வு செய்யும் டியூட்டி டாக்டருக்கு அந்தத் தாள் முழு ஆன்டிபயோகிராமைவிட அதிகம் உதவும்.

அதைவிடவும் மலிவானது, அனுப்பும் மருத்துவமனை செய்ய வேண்டியது. டிஸ்சார்ஜ் தாளில் ‘கல்ச்சர் பாசிட்டிவ், ஆண்டிபயாடிக் கொடுக்கப்பட்டது’ என்ற வரிக்குப் பதில் நான்கு தகவல்கள்: மாதிரி எடுத்த இடமும் தேதியும், கிருமியின் பெயர், தெரிந்தால் எதிர்ப்பின் வழிமுறை, முக்கிய மருந்துகளின் எம்ஐசி எண்கள். எஸ், ஆர் மட்டும் போதாது. எல்லைகள் ஆண்டுதோறும் மாறும், எண் மாறாது. கிருமியை மைனஸ் 70 டிகிரியில் சேமித்திருந்தால் அந்தச் சேமிப்பு எண்ணையும் எழுதலாம். குடலில் குடியேறிய இந்தக் கிருமி மாதக்கணக்கில், சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் தங்கும் என்பதால், அந்தத் தாளின் நகலை அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் காட்டும்படி நோயாளியின் வீட்டாரிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.